காலி என்று சொன்ன அறை

ஆபீஸில் எல்லோருக்கும் அவள் பல்லி. பாழுங்கிணறு, மூடிப்போன சாக்கடை, பழைய கட்டடங்களின் நிலவறை என்று மற்றவர்கள் எட்டிப் பார்க்கவே யோசிக்கிற இடங்களுக்குள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு இறங்கிவிடுவாள் என்பதால் வந்த பெயர். முதலில் கோபம் வந்தது. பிறகு போனை எடுத்து அவளே "பல்லி பேசறேன்" என்று சொல்லும் அளவுக்குப் பழகிவிட்டது. சுரங்க ரயில் போடும் கம்பெனியில் அவளுக்கு அதுதான் வேலை. எங்கே தோண்டுவதாக இருந்தாலும் அடியில் என்ன இருக்கிறது என்று முதலில் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும். ஒன்றும் இல்லை என்று அவள் சொல்லிவிட்டால், "பல்லி சொல்லிடுச்சுப்பா" என்று சிரித்துக்கொண்டே எஞ்சினியர் வேலையை ஆரம்பித்துவிடுவார். அவள் பார்த்ததைப் பார்த்தபடி சொல்கிறவள் என்று அந்த ஆபீஸில் ஒரு நம்பிக்கை. அவளுக்கும் தன்மேல் அந்த நம்பிக்கை இருந்தது.

ரயில் பாதை பழைய நகரத்துக்கு அடியில் வந்து சேர்ந்ததும்தான் தலைவலி பிடித்தது. அங்கே எங்கே கடப்பாரை போட்டாலும் ஏதாவது ஒன்று தட்டுப்படும். ஒரு ஊர் இடிந்து, அதை மட்டம் செய்து அதன் மேல் இன்னொரு ஊர், அதற்கும் மேல் இப்போதைய ஊர். செருப்புக்கடைக்காரர் சரக்கு அடுக்கி வைத்திருக்கிற நிலவறையின் சுவர் எந்த ராஜாவோ கட்டிய மதிலாக இருக்கும். அவர் அதில் ஆணி அடித்துச் சட்டை மாட்டியிருப்பார். பழங்காலத்துச் சின்னம் எதுவும் கிடைத்தால் அந்த நிமிஷமே வேலையை நிறுத்தி, இடத்தை அரசாங்கத்திடம் ஒப்படைத்துவிட்டு வேறு இடம் பார்க்க வேண்டும் என்பது சட்டம். நல்ல சட்டம்தான். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அதைப் பற்றி வகுப்பு எடுப்பவளே பல்லிதான்.

பாதைக்குக் காற்று போக ஒரு பெரிய குழி வேண்டியிருந்தது. இரண்டே இடங்கள்தான் தோதுப்பட்டன. ஒன்று, பூட்டிக் கிடக்கும் ஓர் அச்சகத்தின் கொல்லை. அங்கே ஒரு பாழுங்கிணறு இருந்தது. கிணற்றுக்குப் பக்கவாட்டில் பூமிக்குள் ஏதோ வெற்றிடம் இருப்பதாகக் கருவி காட்டியது. அந்த இடம் சரிப்படாவிட்டால் அடுத்தது பின்தெருவில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கிற ஒரு வரிசை வீடுகள். அத்தனையையும் இடிக்க வேண்டியிருக்கும். அந்த வரிசையின் நடுவீட்டில்தான் அவளுடைய அக்கா இருந்தாள்.

இதை அவள் ஆபீஸில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கிணற்றில் வேறு யாரையாவது இறக்கியிருப்பார்கள். மறைக்க வேண்டும் என்று அவள் திட்டம் போடவில்லை, அதை நம்பலாம். யாரும் கேட்கவில்லை, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாள். பெரிய தப்புகளில் பாதி இப்படிச் சோம்பேறித்தனமாகத்தான் ஆரம்பிக்கிறது.

அம்மாவும் அப்பாவும் போன பிறகு அவளை வளர்த்தது அக்காதான். கல்யாணமாகிப் போகும்போது தங்கையையும் கையோடு கூட்டிக்கொண்டு போனாள். "ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசமா?" என்று அத்தானின் அண்ணன் கேலி செய்ததை அவரே ஒவ்வொரு விருந்தாளியிடமும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அந்த வீட்டில் அத்தான், அத்தானின் அண்ணன், தம்பி என்று மூன்று குடும்பம். மூன்றுக்கும் ஒரே சமையலறை. அதன் மூலையில்தான் பல்லி படித்துப் பாஸ் பண்ணினாள். அவள் பரீட்சைக்குப் படிக்கும்போது பாத்திரச் சத்தம் கேட்காமலிருக்க அக்கா துணியைச் சுற்றிக்கொண்டு தேய்ப்பாள்.

இடிக்க வேண்டி வரலாம் என்று அதிகாரிகள் வந்து அந்த வரிசையின் கதவுகளில் சிவப்புச் சாயத்தால் நம்பர் போட்ட அன்றைக்கு அத்தான் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டார். வீட்டுக்குப் பெரியவரான அத்தானின் அண்ணன் தெருவில் நின்று கத்தினார். அக்கா கதவைப் பிடித்தபடி வாயே திறக்காமல் நின்றாள். பாவம், அதிர்ச்சியில் வாயடைத்துப் போய்விட்டது என்று பல்லி நினைத்தாள். என்ன செய்தாவது இந்த வீட்டைக் காப்பாற்றிவிட வேண்டும் என்று அப்போதே அவள் மனதில் விழுந்துவிட்டது.

கிணற்றில் இறங்கிய நாளில் மேலே கயிறு பிடித்தது எப்போதும்போலக் கயிற்றண்ணன். ஆள் பீரோ மாதிரி இருப்பார், எந்தச் சந்திலும் நுழைய மாட்டார். கீழே இறங்குகிறவள் வாக்கி டாக்கியில் விடாமல் பேசிக்கொண்டே போக வேண்டும், பேச்சு நின்றால் மேலே இருப்பவர் இழுக்க வேண்டும் என்பது பாதுகாப்புக்காக ஏற்பட்ட விதி. கயிற்றண்ணனுக்கு அது விதி இல்லை, வானொலி நாடகம். இந்த நகரத்துக்கு அடியில் உள்ளதையெல்லாம் அவர் பல்லியின் வாய் வழியாகத்தான் பார்த்திருக்கிறார். சாயங்காலம் வீட்டுக்குப் போய், தானே இறங்கிப் பார்த்தது போல் பெண்டாட்டியிடம் சொல்வாராம்.

"எறங்கிட்டேன்ணே. தண்ணி இல்ல. சேறுதான்."

"பாம்பு ஏதும் இருக்கா?"

"ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருக்கு."

"அப்ப உட்காந்து நிதானமா சொல்லு."

கிணற்றுச் சுவரில் இடுப்பு உயரத்தில் ஒரு திறப்பு. அதில் தவழ்ந்து போனால் செங்கல் வைத்துக் கட்டிய சிறிய அறை.

"செங்கல் ரூம்ணே. வெறும் ரூம். உங்க வீட்டு பாத்ரூம் அளவு."

"என் வீட்டு பாத்ரூமை நீ எப்போ பாத்தே?"

"அண்ணி சொன்னாங்க. நீங்க உள்ள போனா கதவைச் சாத்த முடியலையாம்."

அவர் சிரிக்கிற சத்தம் வாக்கி டாக்கியிலும் கேட்டது, கிணற்று வழியாகவும் கேட்டது. அவள் அறையைப் படம் எடுத்தாள். அப்போதுதான் மூலையில் தரையோடு தரையாக ஓர் இடைவெளி தெரிந்தது. இரண்டு கற்கள் சரிந்து விழுந்திருந்தன. முகத்தில் அந்தப் பக்கத்திலிருந்து குளிர்ச்சியாகக் காற்று பட்டது. வயிற்றை எக்கிக்கொண்டு, முழங்கையால் உந்தி உந்தி உள்ளே நுழைந்து, எழுந்து நின்று விளக்கைத் திருப்பினாள்.

வட்டமான அறை. வழவழவென்று இழைத்த கருங்கல். நடுவில் ஒரு கல் தொட்டி, அதில் அடி தெரியும்படி தெளிந்த தண்ணீர். எங்கிருந்தோ ஊறி வந்து நிரம்பி, ஓரத்துப் பள்ளம் வழியாக வடிந்துகொண்டிருந்தது. மேலே ரயிலும் லாரியும் ஓடுகிற ஊரில் இத்தனை நூறு வருஷமாக ஒருவருக்கும் தெரியாமல் அது பாட்டுக்கு ஊறிக்கொண்டிருந்திருக்கிறது. சுவரைச் சுற்றிலும் கல் இருக்கை. ஜனங்கள் உட்கார்ந்து உட்கார்ந்து அது அங்கங்கே குழிந்திருந்தது. இருக்கைக்கு மேலே வரிசை வரிசையாகச் சின்னச் சின்ன மாடங்கள், ஒவ்வொன்றிலும் விளக்குப் புகை பிடித்த கறுப்பு.

மாடங்களில் களிமண்ணில் செய்து சுட்ட பாதங்கள் இருந்தன. கைகள் இருந்தன. காதுகள் இருந்தன. நடக்க முடியாதவர்கள் பாதத்தை வைத்திருக்கிறார்கள், கேட்காதவர்கள் காதை. இந்தத் தண்ணீரைத் தொட்டால் சரியாகும் என்று யார் யாரோ நம்பி வந்து, இங்கே உட்கார்ந்து காத்திருந்து, தங்கள் வலி எதுவோ அதைச் செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒரு மாடத்தில் குழந்தையின் பாதம் ஒன்று. விரல்கள் எல்லாம் உள்பக்கம் மடங்கி, கணுக்கால் திருகிக்கொண்டிருந்தது. செய்யத் தெரியாமல் செய்ததில்லை. அந்தக் குழந்தையின் கால் எப்படி இருந்ததோ அப்படியே பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறது ஒரு கை. களிமண்ணில் அந்தக் கையின் ரேகைகூடப் பதிந்திருந்தது.

பல்லிக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. இருந்தும் கையுறையைக் கழற்றிவிட்டு நின்றாள். இந்த வேலைக்கு வந்ததிலிருந்து அவள் எத்தனையோ உடைசல்களைப் பார்த்திருக்கிறாள், எடுத்துக் கொடுத்திருக்கிறாள். இப்படி ஒன்று உடையாமல், கலையாமல் யாருக்கும் கிடைத்ததில்லை. கொஞ்ச நேரம் அவளுக்குச் சந்தோஷம் மட்டும்தான் இருந்தது. "அண்ணே, கோயில்ணே" என்று கத்த வாயைத் திறந்தாள்.

கதவில் போட்ட சிவப்பு நம்பரும் அதைப் பிடித்துக்கொண்டு நின்ற அக்காவும் நினைவுக்கு வந்ததும் வாய் மூடிக்கொண்டது.

"என்னம்மா, சத்தத்தையே காணோம்? இழுக்கவா?"

"வேணாம்ணே. மண்ணு சரிஞ்சு கிடக்கு. அதைத்தான் பாத்துட்டிருந்தேன்."

"அந்தப் பக்கம் ஏதாவது இருக்குமோ?"

பாதங்களைப் பார்த்துக்கொண்டேதான் அதைச் சொன்னாள். "ஒண்ணும் இல்லண்ணே. பழைய தண்ணித் தொட்டி மாதிரி இருக்கு. காலி."

காலி என்பது அவர்கள் தொழிலில் வெறும் பேச்சில்லை. ஓர் இடத்தைக் காலி என்று சொல்லிவிட்டால், மேலே தோண்டும்போது உள்வாங்காமலிருக்க அதற்குள் சிமென்ட் குழம்பை அடித்து நிரப்பிவிடலாம் என்று அர்த்தம். அது அவளுக்குத் தெரியாமல் இல்லை.

மேலே வந்ததும் கயிற்றண்ணன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அவள் முகம் பேயறைந்த மாதிரி இருந்ததைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கிடைக்கவில்லை என்கிற ஏமாற்றம் என்று எடுத்துக்கொண்டார். "விடும்மா. எல்லாக் கிணத்துலயும் கதை இருக்குமா?" என்று தேற்றினார். அறிக்கையில் அவளுக்குக் கீழே சாட்சியாகக் கையெழுத்துப் போட்டார். வழக்கம்போலப் படித்துப் பார்க்கவில்லை. நீ சொன்னா சரி என்பார்.

அதன் பிறகு அவளுக்குத் தூக்கம் ஒழுங்காக இல்லை. குளிக்கும்போது கண்ணை மூடினால் திருகிய அந்தப் பாதம் வந்து நின்றது. தன் குழந்தையின் கோணல் காலைத் தடவித் தடவிப் பார்த்து மண்ணில் செய்த அந்த மனுஷியின் முகத்தில் காறித் துப்பியது போல் இருந்தது அவளுக்கு. எஞ்சினியரின் அறை வாசலுக்கு ஒருமுறை போய்விட்டாள். அவர் "வா பல்லி, உன்னாலதான் வேலை தடங்கல் இல்லாம போகுது" என்று காபி வரவழைத்துக் கொடுத்தார். குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள். கயிற்றண்ணன் எதிரில் வந்தால் போனில் பேசுவது போலக் காதில் வைத்துக்கொண்டாள்.

மனசுக்குள் வக்கீல் வைத்து வாதாடினாள். செத்துப்போனவர்கள் வைத்துவிட்டுப் போன மண் பொம்மையா, உயிரோடு இருக்கிற அக்காவா? அக்காவுக்குச் செய்யாமல் வேறு யாருக்குச் செய்யப் போகிறேன்? அக்கா வீட்டுக்காக. அக்காவுக்காக. வலிக்கிற இடத்தில் தைலம் தேய்ப்பது போல அதையே தேய்த்துக்கொண்டிருந்தாள், வலி கொஞ்சம் அடங்கவும் செய்தது.

குழியை அச்சகத்துக் கொல்லையிலேயே தோண்டுவது என்று முடிவாகி, கதவுகளில் இருந்த நம்பர்களைச் சுரண்டி அழித்தார்கள். அடுத்து வந்த விடுமுறை நாளில் அக்கா வீட்டில் விருந்து. பெரியவர் எல்லோர் வாயிலும் இனிப்பைத் திணித்தார். நான் போட்ட சத்தத்தில்தான் அதிகாரிகள் பயந்துவிட்டார்கள் என்று அவர் சொன்னார். நான் எழுதிய மனுவில்தான் என்றார் தம்பி. அத்தான் சுவரைத் தடவிக்கொண்டே இருந்தார். பல்லிக்கு ஒருவாய் சாப்பாடு உள்ளே இறங்கவில்லை. ஆனாலும் அந்தக் கூடத்தில் பார்த்த சந்தோஷம் அவளுக்கு வேண்டியிருந்தது. இதற்காகத்தானே என்று சொல்லிக்கொள்ள அது உதவியது.

அக்காவை மட்டும் காணோம். சமையலறையில் தனியாக நின்று பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, எல்லாரும் அங்க ஆடிப்பாடிட்டிருக்காங்க. நீ இங்க என்ன பண்றே?"

"ஆடினவங்க சாப்பிட்ட தட்டை யாராவது தேய்க்கணுமே."

"சந்தோஷமா இருக்கியாக்கா?"

அக்கா குழாயை நிறுத்தினாள். கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"பாப்பா, ஒண்ணு சொல்றேன். யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது." குரலைத் தாழ்த்தினாள். "இந்த வீட்டை இடிச்சிடணும்னு நான் தெனமும் வேண்டிக்கிட்டேன்டி."

பல்லிக்கு முதலில் புரியவே இல்லை. "என்ன?"

"இடிச்சா ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியா வீடு தர்றதா சொன்னாங்கல்ல? ரெண்டே ரூம்தான், தெரியும். இருந்தாலும் அடுப்பு என்னோடது. நான் கதவைச் சாத்தினா சாத்தினதுதான். உங்க அத்தான்கிட்ட தனியாப் போவோம்னு கேட்டுக் கேட்டு என் வாய் வலிச்சுப்போச்சு. அண்ணன் மனசு நோகும்பார். நோகட்டுமேன்னு என்னால சொல்ல முடியுமா? கவர்மென்ட்டே வந்து இடிச்சா யாரும் யாரையும் கோவிச்சுக்க முடியாது. கதவுல நம்பர் போட்டாங்க பாரு, அன்னிக்கு எனக்கு எங்க வாயைத் திறந்தா சிரிச்சுடுவேனோன்னு பயம். கதவைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன்."

அலமாரியின் அடித்தட்டில், அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து மடித்த துணி ஒன்றை எடுத்து விரித்தாள். மஞ்சளில் சின்னப் பூப்போட்ட ஜன்னல் திரை. ஓரம் மடித்து அழகாகத் தைத்திருந்தாள்.

"ஜன்னல் அளவு தெரியாமலேயே தச்சிட்டேன். பைத்தியம் எனக்கு." சிரிக்கப் பார்த்தாள். உதடு கோணிக்கொண்டு அழுகை வந்துவிட்டது. தங்கை பார்க்கக் கூடாது என்று அந்தத் திரையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அந்தக் கொல்லையில ஒண்ணும் இல்லைன்னு யாரோ எறங்கிப் பாத்துட்டு வந்து சொல்லிட்டாங்களாமே. உங்க ஆபீஸ்தானே? யாருடி அந்தப் புண்ணியவான்? இந்த ஊர்ல எங்க தோண்டினாலும் ஏதாவது கிடைக்குமாம். எனக்குன்னு ஒரு உடைஞ்ச சட்டி கிடைச்சிருக்கக் கூடாதா?"

பல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தேய்த்துத் தேய்த்து நகக்கண்ணெல்லாம் வெடித்த கை. இத்தனை வருஷம் இதே சமையலறையில் உட்கார்ந்து படித்திருக்கிறாள், சாப்பிட்டிருக்கிறாள். உனக்கு என்ன வேண்டும் என்று ஒருநாள் கேட்டதில்லை. பூமிக்கு அடியில் இருப்பதைப் பார்க்கத் தெரிந்தவளுக்கு எதிரே நின்றவளைப் பார்க்கத் தெரியவில்லை. "இதோ வரேன்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போனாள்.

இன்னும் நேரம் இருந்தது. விடுமுறை நாளில்தான் லாரிகளைத் தெருவில் நிறுத்த அனுமதி என்று சிமென்ட் அடிப்பதை இன்றைக்குத்தான் வைத்திருந்தார்கள். எஞ்சினியரை அழைத்தாள்.

"சார், ஆரம்பிச்சாச்சா?"

"இல்லம்மா. லாரியெல்லாம் வந்து வரிசையா நிக்குது. பசங்க சாப்பிடறாங்க. முடிச்சதும் பம்பு போட்டுடுவோம்." அவர் எதையோ மென்றுகொண்டே பேசினார். "என்ன பல்லி, லீவு நாள்ல? ஏதாவது விட்டுப்போச்சா?"

ஒரு வார்த்தை போதும். உள்ளே இன்னொரு அறை இருக்கிறது சார். அவ்வளவுதான். அந்தக் கோயில் பிழைக்கும், அக்காவுக்கு அந்த ஜன்னல் கிடைக்கும். இரண்டு பக்கமும் நல்லது. கெடுவது ஒருத்தி மட்டும்தான். தெரிந்தே பொய் சொன்னவள் என்று வேலை போகும், வழக்கு வரும், பிறகு எந்தக் கம்பெனியும் அவளைக் கிணற்றோரம் சேர்க்காது. கயிற்றண்ணன் கையெழுத்தும் இருக்கிறதே, அவரும் மாட்டுவாரே என்று ஒரு சாக்கைத் தேடினாள். என்னை ஏமாற்றிவிட்டாள் என்று அவர் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவார்கள் என்பதும் தெரிந்தது. வேறு சாக்கு அகப்படவில்லை. இதுவரைக்கும் அது அக்காவுக்காகச் சொன்ன பொய். இனி அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது.

"பல்லி? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன் சார். ஒண்ணும் இல்ல சார். பம்பு ஓடும்போது கிணத்துக்கிட்ட யாரும் வந்துடாம வேலி கட்டியாச்சான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்."

"பாத்தியா, இதுக்குத்தான் உன்னை மாதிரி ஆள் வேணுங்கறது. கட்டியாச்சும்மா. நீ நிம்மதியா சாப்பிடு."

போனை அணைத்துவிட்டு அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரத்தில் அச்சகத்துக் கொல்லைப் பக்கமிருந்து பம்பு உறுமுகிற சத்தம் வந்தது. கால் அடியில் தரை லேசாக அதிர்ந்தது.

அக்கா கழுவிய தட்டுகளை அடுக்கியபடி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். கண் இன்னும் சிவந்திருந்தது. "யாருடி போன்ல?"

"ஆபீஸ்லக்கா."

"லீவு நாள்ல கூட விட மாட்டாங்களா? பாவம்டி நீ. எல்லாருக்காகவும் நீதான் ஓடணும்."

"ஆமாக்கா" என்றாள் பல்லி.